மணமாகாத மூத்த மகளும் சீதன வீடும்



"வீட்டில ஒரு குமர் இருக்கு" என்று எம்மூர்த் தகப்பன் ஒருவர் பெருமூச்சோடு சொல்லும்போது, அவர் பேசுவது மகளைப் பற்றியா, தீராத கடனைப் பற்றியா என்று கேட்பவருக்கே ஐயம் வரும். அந்தக் குமரைக் "கரைசேர்க்க" வேண்டும் என்பார். கரைசேர்த்தல் என்பது தோணிக்காரர் சொல். நடுக்கடலில் தத்தளிக்கும் பொருளைத்தான் கரைசேர்ப்பார்கள். அப்படியானால் திருமணமாகாத பெண் ஒருத்தி, தாய் தகப்பனோடு தன் வீட்டில் இருந்துகொண்டே, பாதி அமிழ்ந்து கிடக்கிறாள் என்பது பொருள். நாற்பது வயதிலும் அவள் குமர்தான். அவள் உழைத்து அந்த வீட்டுக்கு ஓடு போட்டிருந்தாலும் குமர்தான்.

இந்தச் சொல்லுக்குப் பின்னால் உள்ள எண்ணம் எமது கரையோரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது. எவ்வளவு மாறியிருக்கிறது, எங்கே மாறாமல் நிற்கிறது என்பதை இவ்வாரம் சிந்திப்போம். திருக்கோவிலுக்குத் தெற்கே, பொத்துவில் வீதியை அண்டிக் கிடக்கும் வினாயகபுரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதை வாசியுங்கள். பெயரே சொல்வதுபோல் அது பெரும்பாலும் சைவக் குடும்பங்களின் ஊர். ஆயினும் இங்கே சொல்லப்படுவது அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது முஸ்லிம் குடும்பங்களுக்கும், கல்முனைக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் பொருந்தும். வழிபாடு வேறு வேறாயினும் சீதன வீட்டு வழக்கம் இவர்கள் எல்லாருக்கும் ஒன்றே.

அந்த வழக்கத்தை அறியாத வெளியூர் வாசகருக்காகச் சிறிது விளக்குவோம். மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையில் மணமகள் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். பெற்றோர் மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளைகளோடு அதே வளவிலோ பக்கத்து வளவிலோ இன்னொரு வீடு கட்டிக்கொண்டு நகர்வார்கள். அடுத்த மகளின் கலியாணத்தோடு அந்த வீடும் போகும். கடைசி மகளோடு பெற்றோர் தம் முதுமையைக் கழிப்பர். குடியும் தாய்வழியாகவே எண்ணப்படும். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியல் அறிஞர் டெனிஸ் மக்கில்வ்ரே, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான இந்த முறையை விரிவாக எழுதி, 2008 இல் பெரிய நூலாக வெளியிட்டுள்ளார்.

பழைய முக்குவர் சட்டத்தின்கீழ் ஆணின் ஆதனம் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சென்றது. 1876 ஆம் ஆண்டின் விவாக உரித்து, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அந்த முறையை நீக்கியது. முஸ்லிம்கள் அல்லாத எம்மவருக்கு, உயில் எழுதாமல் பெற்றோர் இறந்தால் ஆணும் பெண்ணும் சரிபங்கு என்பதே அச்சட்டத்தின் ஏற்பாடு. யாழ்ப்பாணத்துத் தேசவழமை இங்கே செல்லாது. ஆகவே சட்டப்படி எமது மணமாகாத மகளுக்குக் குறைவு ஒன்றுமில்லை. நடப்பில், பெற்றோர் கண் மூடும் வேளையில் பங்கிடுவதற்கு எதுவும் மிஞ்சியிருப்பதில்லை. வீடும் வயலும் தென்னந்தோட்டமும் கலியாணத்துக்கொன்றாய்ப் போய்விட்டிருக்கும். கலியாணம் நடக்காதவளுக்கு எதுவும் எழுதப்பட்டிராது.

இதில் ஒரு முரண் இருப்பதைக் கவனியுங்கள். ஆண்வழி வீட்டு வழக்கமுள்ள ஊர்களில், பெற்றோருக்குப் பின் மணமாகாதவள் சகோதரன் வீட்டில் மச்சாளின் முகம் பார்த்து இருக்க வேண்டியவள். எமது கரையிலோ வீடு பெண்ணுடையது. அவள் தாயோடும் தங்கைமாரோடும், பிறந்த வளவிலேயே, தான் சிறுமியாய் நீர் அள்ளிய கிணற்றடியிலேயே இருக்கிறாள். இத்தகைய ஊர்தான் மணமாகாத பெண்ணுக்கு நாட்டிலேயே மிகவும் பாதுகாப்பான இடமாய் இருந்திருக்க வேண்டும். அப்படி ஆகாமற் போனதற்குக் காரணம், வீடு பெண்ணுக்கு உரியதாய் இருந்தும் அது கலியாணத்தோடு கட்டப்பட்டிருப்பதே. பெண்ணுக்கு வீடு என்பதல்ல, மணப்பெண்ணுக்கு வீடு என்பதே எமது வழக்கம்.

நிற்க, இந்த நிலையிற் பெண்கள் பெருகியது எப்படி?

முதலில் வயது. 1953 ஆம் ஆண்டளவில் இலங்கைப் பெண்கள் சராசரியாக ஏறத்தாழ 21 வயதில் மணந்தனர். 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது அது 24ஐத் தாண்டியிருந்தது. 1945 இல் தொடங்கிய இலவசக் கல்வி பெண்பிள்ளைகளைப் பாடசாலையில் வைத்திருந்தது. ஆசிரியத் தொழிலும் தாதித் தொழிலும் அவர்களுக்குத் திறந்தன. அது நல்ல பக்கம். மறுபக்கம் சீதனத்தின் விலையேற்றம். கிடுகு வீடு போதுமாயிருந்த காலம் போய் ஓட்டு வீடு வேண்டும் என்றானது, பிறகு கல்வீடு, கல்வீட்டோடு காசும். எமது முஸ்லிம் சகோதரர் கைக்கூலி என்று அழைப்பதைத் தமிழர் நன்கொடை என்று அழகாக அழைக்கிறார்கள். எந்தப் பெயரிட்டாலும் பெண்ணின் தகப்பன் பை ஒன்றேதான்.

பிறகு யுத்தம். 1983 முதல் 2009 வரை கிழக்கில் இளைஞர் பலர் மாண்டனர்; பலர் காணாமற் போயினர்; மிகுதிப்பேர் கடல் கடந்தனர். அந்த ஆண்டுகளில் கலியாண வயதில் இருந்த பெண்கள் பலருக்கு, மாப்பிள்ளை பார்க்கப் பணமும் இல்லை, பார்ப்பதற்கு மாப்பிள்ளையும் இல்லை. இன்று ஐம்பதையும் அறுபதையும் எட்டியிருக்கும் அவர்களைப் பார்த்து "ஏன் கட்டவில்லை?" என்று கேட்கும் இளையவர்களுக்கு, 1990 ஆம் ஆண்டு எப்படி இருந்தது என்று யாரும் சொல்லித் தரவில்லை போலும். யுத்தத்தில் புருஷனை இழந்த பெண்ணுக்கு ஒரு பெயராவது உண்டு. அவளுக்கென்று திட்டங்களும் வந்தன. யுத்தத்தால் கணவனே வாய்க்காதவளுக்கு எந்தப் படிவத்திலும் தனிக் கட்டமில்லை.

மூன்றாவது, மத்திய கிழக்கு. 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் இந்நாட்டிலிருந்து வேலைக்காகப் புறப்பட்டவர்களில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள். அவர்களிற் பெரும்பாலோர் வீட்டுப் பணிக்குச் சென்றவர்கள். எமது கரையிலிருந்து போன குமர்ப்பிள்ளைகள் தமக்குச் சீதன வீடு கட்டவே போனார்கள். முன்பு தகப்பன் சுமந்ததை இப்போது மகளே சுமந்தாள்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கக்கூடிய குடும்பந்தான். நான்கு பெண்கள், ஒரு ஆண். மூத்தவள் இருபத்திரண்டு வயதில் குவைத்துக்குப் போகிறாள். முதலிரண்டு வருடச் சம்பளத்தில் அத்திவாரமும் சுவரும் எழும்புகின்றன. அது அவளுக்கான வீடுதான். அதற்குள் இரண்டாமவளுக்கு நல்ல இடமொன்று பொருந்தி வருகிறது. "நீ வெளிநாட்டில நிக்கிறாய் மகள், உனக்குப் பிறகு கட்டிக்கொள்ளலாம்" என்று தாய் கடிதம் எழுதுகிறாள். அவளும் சம்மதிக்கிறாள். சம்மதியாமல் என்ன செய்வாள்? இரண்டாவது பயணத்தில் அடுத்த வீடு. அது மூன்றாமவளுக்கு. தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்ப முகவருக்குக் கட்டிய காசும் அவளுடையதே. நாற்பத்தைந்து வயதில் முழங்கால் நோவோடு அவள் ஊருக்குத் திரும்பும்போது வளவில் மூன்று கல்வீடுகள் நிற்கின்றன. மூன்று உறுதிகளிலும் அவள் பெயரில்லை. அவள் படுப்பது கடைசித் தங்கை வீட்டுக் குசினியோடு இறக்கிய பத்தியில். யாரும் அவளைத் துரத்தவில்லை. தங்கைமாரின் பிள்ளைகள் "பெரியம்மா, பெரியம்மா" என்று அவள் காலைச் சுற்றுகிறார்கள். ஆயினும் மச்சான்மார் வீட்டில் இருக்கும்போது முன்வாசலால் வருவதற்கு அவள் கூசுகிறாள்.

இதிற் குற்றவாளி யார்? தாயா? அவள் வழக்கத்தைச் செய்தாள். தங்கைமாரா? அவர்களுக்கு வீடில்லாமல் கலியாணமில்லை. கெட்ட மனிதர் எவரும் இல்லாமலே அநீதி நடந்துவிடுகிறது. இத்தகைய அநீதியைக் கண்டுகொள்வது மிகக் கடினம்.

மாற்றம் என்றோமே, அது எங்கே? உண்டு. இன்று வினாயகபுரத்திலும் தம்பிலுவிலிலும் மணமாகாத ஆசிரியையை, குடும்பநல உத்தியோகத்தரை, வங்கியில் வேலை செய்யும் பெண்ணை யாரும் இரக்கத்தோடு பார்ப்பதில்லை. "ரீச்சர்" என்று எழுந்து நிற்கிறார்கள். முப்பது தாண்டிய மகளைக் கண்டவனுக்குக் கட்டி வைப்பதைவிட வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லும் தாய்மாரும் இருக்கிறார்கள். குடித்துவிட்டு அடிக்கும் மருமகனைக் கண்டு படித்த பாடம் அது. எமது பார்வை மாறியதற்கு நற்குணத்தைவிட அவளுடைய சம்பளமே பெரிய காரணம் என்பதை ஒப்புக்கொள்வோம். சம்பளமுள்ளவளுக்கு மரியாதை வந்துவிட்டது. கூலிக்கு நெல் வெட்டியவளுக்கும், நோயாளித் தாயைப் பதினைந்து வருடம் தூக்கிக் கிடத்தியவளுக்கும், வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவளுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. திரும்பி வந்தவளின் ஒழுக்கத்தைப் பற்றி வாய்கூசாமற் பேசுவோரும் உளர். கலியாண வீட்டில் ஆலாத்தி எடுக்க அவளை இன்னும் அழைப்பதில்லை. அடுப்படிக்கு மட்டும் முதல் நாளே ஆளனுப்பி அழைப்பார்கள்.

திருச்சபையின் பக்கமும் திரும்புவோம். மணமாகாத நிலையை நாம் தாழ்வாகக் கருதுபவர்களல்லர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் கன்னிமையைப் புகழ்ந்துரைக்கிறார். அது ஆண்டவரின் கட்டளையன்று, தம் கருத்து என்றும் கவனமாகச் சேர்த்துக்கொள்கிறார். அப்போஸ்தலர் பணி நூலின் 21ஆம் அதிகாரத்தில் பிலிப்புவின் மணமாகாத புதல்வியர் நால்வர் இறைவாக்கினராய்க் காட்சி தருகிறார்கள். நான்கு குமர் இருந்த வீடு! எம்மூராயின் பிலிப்புவைப் பார்த்து ஊரே பரிதாபப்பட்டிருக்கும். சியெனா நகரப் புனித கத்தரீனம்மாளைக் கன்னியர் மடத்தவர் என்றே நம்மிற் பலர் எண்ணியிருக்கிறோம். அவர் தொமினிக்க மூன்றாம் சபையைச் சேர்ந்து, மடத்துக்குள் அடைபடாமல் வாழ்ந்தவர். கலியாணப் பேச்சு எடுத்த பெற்றோரைத் தடுக்கத் தம் கூந்தலையே வெட்டிக்கொண்டவர். 1970 இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். உலக வாழ்விலேயே இருந்துகொண்டு கன்னிமையை அர்ப்பணிக்கும் பெண்களுக்குரிய பழைய திருச்சடங்கும் அதே ஆண்டில் மீண்டும் வழக்குக்கு வந்தது.

மரியாயின் சேனை அங்கத்தவர்கள் எடெல் குவின் என்ற அயர்லாந்துப் பெண்மணியை அறிவார்கள். கிளாரம்மாள் சபையில் சேர விரும்பினார், காசநோய் விடவில்லை. மணமும் இல்லை, மடமும் இல்லை. 1936 இல் சேனையின் தூதராகக் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போனார். எட்டு வருடம் ஊர் ஊராய் அலைந்து 1944 இல் நைரோபியில் இறந்தார். 1994 இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

ஆனால் இவர்கள் எல்லாரும் அந்நிலையைத் தெரிந்துகொண்டவர்கள், அல்லது ஏற்றுக்கொண்டு அர்ப்பணித்தவர்கள். குவைத்திலிருந்து திரும்பிய எமது மூத்த மகள் எதையும் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் மற்றொருத்திக்கு வழிவிட்டாள். ஒருநாள் பார்த்தால் நாற்பத்தைந்து. அவளிடம் போய்க் கன்னிமையின் மேன்மையைப் பிரசங்கிப்பது, பசித்திருப்பவனிடம் நோன்பின் பலனைச் சொல்வது போலாகும். இந்த வேற்றுமையைத் திருச்சபை அறியாமலில்லை. 1981 இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் குடும்பம் பற்றி எழுதிய சுற்றறிவுரையின் இறுதிப் பகுதியில், குடும்பம் இல்லாதவர்களுக்குத் திருச்சபையே வீடாக வேண்டும் என்ற கருத்தைச் சொல்கிறார். 2016 இல் திருத்தந்தை பிரான்சிஸ் மணமாகாதவர்கள் தம் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் செய்யும் சேவை கவனிக்கப்படாமற் போவதால் அவர்கள் தனிமையுறுவதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

எங்கள் பங்குகளில் என்ன நடக்கிறது? இளைஞர் ஒன்றியத்துக்கு அவளுக்கு வயது மீறிவிட்டது. தாய்மார் சங்கத்துக்கு அவள் தாயல்ல. குடும்பப் பதிவேட்டில் தகப்பன் பெயரின்கீழ் மகளாகவும், அவர் இறந்தபின் தங்கை புருஷனின் பெயரின்கீழ் "மற்றவர்" ஆகவும் எழுதப்படுகிறாள். கோவில் கூட்டுவதும் பூ அலங்கரிப்பதும் அவள்தான்.

ஐரோப்பாவின் பழைய வரலாற்றில் இதற்கு ஓர் ஒப்பு உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம், ஒல்லாந்துப் பகுதிகளில் மணமாகாத பெண்களும் விதவைகளும் பெகீன்கள் என்ற பெயரோடு ஒன்றாய் வாழத் தொடங்கினர். அவர்கள் கன்னியாஸ்திரிகள் அல்லர். நிரந்தர வார்த்தைப்பாடு இல்லை. விரும்பினால் வெளியேறி மணக்கலாம். சொந்த ஆதனம் வைத்திருக்கலாம். நெசவு, நோயாளர் பராமரிப்பு முதலியவற்றால் தாமே உழைத்துச் சாப்பிட்டனர். புருஷனுக்கும் கீழ்ப்படியாமல் மடத் தலைவிக்கும் கீழ்ப்படியாமல் பெண்கள் வாழ்வதா என்று ஐயம் கிளம்பிற்று. 1311–12 இல் கூடிய வியன் பொதுச்சங்கம் அவர்களைக் கண்டித்தது. ஆயினும் பிளாண்டர்ஸ் நாட்டில் அவர்கள் நிலைத்தார்கள். மதில் சூழ்ந்த ஒரு வளவுக்குள் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு வீடுகள். கடைசிப் பெகீன் எனப்படும் மார்செலா பட்டின் 2013 இல்தான் இறந்தார். எழுநூறு வருடத்துக்கு மேல் அவர்களைக் காத்தது பக்தியோடு அந்தச் சிறு வீடுமாகும் என்று எமக்குத் தோன்றுகிறது. தலைக்கு மேல் கூரையும் கையில் தொழிலும் இருந்தால் பெண்ணொருத்தி யாருக்கும் சுமையல்ல.

ஆகவே மீண்டும் வீட்டுக்கே வருகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்து போனபின், கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பிறகு அது தளர்த்தப்பட்டது. வீட்டுக்கு வீடு என்பதே அரசின் கொள்கையாயிருந்தது. இடிந்த வீட்டுக்கு ஈடாய்ப் புது வீடு. மகளுக்கென்று ஒதுக்கி வைத்த, இன்னும் கட்டாத வளவுக்கு ஈடு எது? பெற்றோர் வீட்டில் இருந்த மூன்று குமர்களுக்கும் சேர்த்து ஒரே வீடு. அதுவும் "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் பெரும்பாலும் ஆணுக்கே எழுதப்பட்டது. தாய்வழியாய்ப் பெண்ணிடம் இருந்து வந்த வீடு படிவமொன்றின் ஒரு வரியால் கைமாறியதைப் பெண்கள் அமைப்புகள் அப்போதே சுட்டிக் காட்டின.

அரச காணிகளிலும் இதே கதைதான். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப் பத்திரக்காரர் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்தால் ஆண்பிள்ளைகளுக்கே முதலிடம் இருந்தது. 2022 இல் நிறைவேறிய திருத்தம் மகன், மகள் என்ற வேற்றுமையை நீக்கிற்று. எண்பத்தேழு வருடம் எடுத்தது.

விவிலியத்தில் எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வீட்டில் எடுத்து வாசியுங்கள். செலொபுகாது என்பவர் ஆண்பிள்ளையின்றிப் பாலைவனத்தில் இறந்தார். அவருடைய ஐந்து புதல்வியரும் கூடாரவாயிலில் மோசேயின் முன்பும் சபை முழுவதன் முன்பும் வந்து நின்று, தகப்பனின் காணியைத் தமக்குத் தரும்படி கேட்கிறார்கள். மோசே தீர்ப்புச் சொல்லத் துணியாமல் ஆண்டவரிடம் கொண்டுபோகிறார். அவர்கள் கேட்டது நியாயமே என்று ஆண்டவர் சொல்லுகிறார். அவர்களின் கலியாணப் பேச்சோ 36ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. முதலிற் காணி, ஒன்பது அதிகாரம் கழித்துக் கலியாணம். எமது கரையில் இந்த ஒழுங்கு தலைகீழாய் இருக்கிறது.

வாசகராகிய நீங்கள் பெற்றோராயின், செய்யக்கூடிய காரியங்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. இளைய மகளுக்குச் சீதன உறுதி எழுதும் அன்று, நொத்தாரிசிடம் ஒரு வரி கூடுதலாகச் சொல்லுங்கள்: மூத்தவள் உயிரோடிருக்கும்வரை அவ்வீட்டில் அல்லது அதன் ஒரு பகுதியில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு உண்டு என்று. எமது நாட்டில் வழங்கும் உரோம-டச்சுச் சட்டம் இத்தகைய உரிமையை ஏற்கிறது. பெற்றோர் தமக்கென்று சீவிய உரித்து வைத்து எழுதுவது போன்றதே இதுவும். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அந்த வீட்டின் கல்லை வாங்கிய காசு யாருடையது என்று அவர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கலியாணத்துக்கு முன் சொல்வது எளிது. பின்பு சொல்ல முடியாது.

காணி அனுமதிப் பத்திரக் காணியாயின், பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பின்னுரித்தாளர் யாரென்று நீங்கள் உயிரோடிருக்கும்போதே பதிவு செய்யுங்கள். அங்கே மணமாகாத மகளின் பெயரை எழுதத் தடையேதும் இல்லை.

வெளிநாட்டில் உழைக்கும் மகளாயின், அவள் காசில் வாங்கும் காணியை அவள் பெயரிலேயே எழுதுங்கள். கலியாணம் நடந்தால் அது சீதனம். நடக்காவிட்டால் அவள் வீடு.

உங்கள் தங்கையின் வீட்டுப் பத்தியில் இப்போது இருப்பவர் நீங்களேயாயின், உங்கள் பங்கை எழுத்தில் கேட்பது பாவமன்று, பேராசையுமன்று. ஐந்து சகோதரிகள் கேட்டபோது ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பழைய காசுக் கட்டளைத் துண்டுகள், வங்கிப் புத்தகங்கள், வீடு கட்டிய மேசனுக்குக் கொடுத்த கணக்கு ஆகியவை பெட்டியில் இருந்தால் எடுத்து ஒழுங்கு செய்து வையுங்கள். கல்முனையில் இலவச சட்ட உதவி கிடைக்கும் இடத்தைப் பங்குத்தந்தையிடமோ கிராம உத்தியோகத்தரிடமோ கேட்டு அறியலாம். தனியே போகக் கூச்சமாயிருந்தால், உங்களைப் பெரியம்மா என்று அழைக்கும் மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள்.